ஜீப் எஞ்சினும் சென்னைப் பட்டறைகளும்: புதுப்பித்தலின் வரலாறு

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசையை அனுப்பக்கூடிய வண்டி என்றால், தமிழ்நாட்டு மக்களுக்கு நெடுங்காலம் ஒரே பெயர்தான் தெரிந்திருந்தது. அது ஜீப். மாவட்ட ஆட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், காவல் ஆய்வாளர், மலேரியா ஒழிப்புப் பணியாளர் எனப் பலரையும் சுமந்த அந்த வண்டி, பிறகு ஏலத்தில் தனியார் கைக்கு வந்தது. அங்கும் இருபது முப்பது ஆண்டுகள் ஓடியது. இத்தனை காலம் அது ஓடியதற்குக் காரணம் தொழிற்சாலை மட்டுமன்று. தேய்ந்துபோன எஞ்சினைப் பிரித்து, அளந்து, கடைந்து, மீண்டும் பூட்டிக் கொடுத்த பட்டறைகளுக்கும் அதில் பங்குண்டு. ஜீப் எஞ்சின் சென்னைக்கு வந்த வழி, அதைப் புதுப்பிக்கும் முறை, இந்நகரில் அதைப் பேணுவதில் உள்ள சிக்கல்கள், இன்றைய சட்ட நிலை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

போருக்காகப் பிறந்த எஞ்சின்

1940இல் அமெரிக்க ராணுவம் எடை குறைந்த வேவு வண்டி ஒன்றைக் கேட்டது. முதல் மாதிரி வண்டியைக் கொடுத்தது பேண்டம் என்ற சிறு நிறுவனம். பெருமளவில் தயாரிக்கும் பணி வில்லிஸ் ஓவர்லேண்ட், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களுக்குச் சென்றது. போர் முடிவதற்குள் அவை இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து முடித்தன.

வில்லிஸ் வண்டி தேர்வானதற்கு முக்கியக் காரணம் அதன் எஞ்சின். 'கோ டெவில்' என்று அழைக்கப்பட்ட அது நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கொள்ளளவு 2199 சிசி. திறன் 60 குதிரைத்திறன். சிலிண்டரின் உள்விட்டம் 79.4 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 111.1 மில்லிமீட்டர். விட்டத்தைவிட வீச்சு நீண்டிருப்பதால் குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவிசை கிடைக்கும். சேற்றிலும் மேட்டிலும் ஊர்ந்து செல்ல வேண்டிய வண்டிக்கு இதுவே தேவை. அழுத்த விகிதம் 6.48க்கு 1 மட்டுமே என்பதால் தரம் குறைந்த பெட்ரோலிலும் அது ஓடியது.

'கோ டெவில்' எஞ்சினில் உள்வழி வால்வு, வெளிவழி வால்வு இரண்டும் சிலிண்டரின் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருந்தன. அடுத்து வந்த 'ஹரிகேன்' எஞ்சினில் உள்வழி வால்வு மட்டும் மேலே ஹெட்டுக்கு மாறியது. வெளிவழி வால்வு பிளாக்கிலேயே நின்றது. விட்டமும் வீச்சும் மாறாமலே திறன் 70 குதிரைத்திறனைத் தாண்டியது. இந்தியச் சாலைகளில் பெரும்பான்மையோர் பார்த்த ஜீப், இந்த எஞ்சின் பொருந்திய, முன்புறம் உயர்ந்த சிஜே 3பி வகையாகும்.

இந்த எஞ்சின்களின் பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது; சுவர் தடித்தது. சிலிண்டர் தேய்ந்தால் அதைச் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடலாம். அதுவும் தேய்ந்தால் இன்னும் ஒரு முறை. எல்லை தாண்டிவிட்டால் உள்ளே புதிய இரும்புக் குழாயை இறக்கி, மீண்டும் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். பட்டறையில் இதை 'ஸ்லீவ் இறக்குவது' என்பார்கள். ஆக, பழுதுபார்ப்புக்கு இடம்விட்டே வடிவமைக்கப்பட்ட எஞ்சின் இது.

சென்னைக்கு வந்த வழி

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், இந்தியாவில் நேசநாட்டுப் படைகள் விட்டுச்சென்ற வண்டிகளில் பல விற்பனைக்கு வந்தன. 'டிஸ்போசல் ஜீப்' என்ற சொல் அக்காலத்தில் பரவியது. 1945இல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம் 1947இல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டத் தொடங்கியது. பிறகு படிப்படியாகப் பாகங்கள் உள்நாட்டிலேயே செய்யப்பட்டன. அமெரிக்காவில் சிஜே 3பி தயாரிப்பு 1968இல் நின்றுபோனது. இந்தியாவில் அதே உருவம் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது.

1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது ஜீப் கிராமத்துக்குள் நுழைந்தது. வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப், 'பி.டி.ஓ. ஜீப்' என்ற பெயரில் ஊர்களில் அறிமுகமானது. இத்தனை அரசு வண்டிகளைப் பழுதுபார்க்கும் தேவையிலிருந்துதான் பட்டறைத் தொழிலுக்கு நிலையான வேலை கிடைத்தது. தமிழ்நாடு அரசில் மோட்டார் வாகனப் பராமரிப்புக்கென்றே தனித்துறை ஒன்று உள்ளது என்பதை மாணவர்கள் இங்கு நினைவிற்கொள்ளலாம்.

உதிரிப்பாகத் தொழிலும் பட்டறைத் தெருக்களும்

எஞ்சினைப் புதுப்பிக்க மூன்று வேண்டும்: பாகம், கருவி, கை. மூன்றும் ஒரே நகரில் கிடைத்தது சென்னையின் பேறு.

முதலில் பாகம். 1840இல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகச் சென்னையில் தோன்றிய சிம்சன், பின்னர் மோட்டார் தொழிலுக்கு மாறியது. செம்பியத்தில் பெர்க்கின்ஸ் வகை டீசல் எஞ்சின்களைத் தயாரித்தது. அதே குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் தொடங்கியது. ரானே குழுமம் 1959இல் எஞ்சின் வால்வு தயாரிப்பில் இறங்கியது. டைனமோ, ஸ்டார்ட்டர் போன்ற மின்பாகங்களுக்காக லூகாஸ் டிவிஎஸ் 1961இல் உருவாகிப் பாடியில் ஆலை அமைத்தது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தில், பிஸ்டனும் வால்வும் நகர எல்லையிலேயே செய்யப்பட்டது சிறிய உதவியன்று.

அடுத்து கருவியும் கையும். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, சுருக்கமாக ஜி.பி. ரோடு, புதிய உதிரிப்பாகக் கடைகளின் தெருவாக வளர்ந்தது. கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டை, பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் சந்தையாகப் பெயர் பெற்றது. பழைய இரும்பு விற்குமிடத்தைக் 'காயலான் கடை' என்பது சென்னை வழக்கு. இச்சொல்லைக் காயல்பட்டினத்து வணிகர்களோடு தொடர்புபடுத்திச் சொல்வதுண்டு. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் தெருவோரப் பட்டறைகள் எஞ்சினை இறக்கிப் பிரிக்கும். கடைசல் வேலைக்கு அது லேத் பட்டறைக்குப் போகும். பாகத்துக்கு ஆள் ஜி.பி. ரோட்டுக்கோ புதுப்பேட்டைக்கோ போவார். ஒரே எஞ்சின் நகரின் பல தெருக்களைச் சுற்றிவந்து மீண்டும் தன் வண்டியில் ஏறும்.

ஏட்டுக் கல்வியும் இதனோடு வளர்ந்தது. 1949இல் சி. ராஜம் நிறுவிய குரோம்பேட்டை சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம், தொடக்கத்திலேயே மோட்டார் வாகனப் பொறியியலை ஒரு பாடமாக வைத்தது. ஆயினும் பட்டறைத் தொழிலாளர்களில் பலர் எந்தக் கல்லூரியையும் பார்த்தவர்கள் அல்லர். பத்துப் பன்னிரண்டு வயதில் எடுபிடியாகச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தே தொழில் கற்றவர்கள். அந்தத் திறமையைப் போற்றும்போது, அதற்கு விலையாகப் போன அவர்களுடைய பள்ளிப் படிப்பையும் மறக்கலாகாது.

'புதுப்பித்தது' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெரும் கொள்முதல் சர்ச்சைகளில் ஒன்று ஜீப் பற்றியதே. 1948இல் காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருந்தது; ராணுவத்துக்கு ஜீப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டன. அப்போது இலண்டனில் இந்தியத் தூதராயிருந்த வி.கே. கிருஷ்ண மேனன், சுமார் 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒப்பந்தத்தை வழக்கமான நடைமுறைக்கு வெளியே ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு செய்துகொண்டார். வாங்கப்பட்டவை புதிய வண்டிகள் அல்ல. போரில் ஓடிப் புதுப்பிக்கப்பட்டவை எனச் சொல்லப்பட்ட வண்டிகள். பணத்தின் பெரும்பகுதி முன்கூட்டியே தரப்பட்டது. வந்து சேர்ந்தவை 155 மட்டுமே. அவையும் பயன்பாட்டுக்கு ஏற்றவையாக இல்லை என்று குறை எழுந்தது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. நீதி விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்காமல், 1955 செப்டம்பர் 30 அன்று உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் இந்த விவகாரம் முடிந்துவிட்டதாக அறிவித்தார். இதில் எவர் மீதும் நீதிமன்றத்தில் குற்றம் நிறுவப்படவில்லை.

இந்நிகழ்வின் அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதன் நடுவே ஒரு தொழில்நுட்பக் கேள்வி நிற்கிறது. புதுப்பித்த எஞ்சின் என்பதை எதை வைத்து ஒப்புக்கொள்வது? வெளியே வண்ணம் அடித்து, எண்ணெய் மாற்றி, கிளப்பிக் காட்டினால் எந்த எஞ்சினும் சில நிமிடம் ஓடும். உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கும் காதுக்கும் முழுமையாகத் தெரியாது. அளவுகோல் ஒன்றே சாட்சி. அரசாங்கமானாலும் தியாகராய நகரில் பழைய ஜீப் வாங்கும் தனிமனிதரானாலும் இது பொருந்தும்.

எஞ்சின் வேலை: படிப்படியாக

பிரிப்பதற்கு முன் நோயறிதல். வெளிப்புகை நீலமாக இருந்தால் எண்ணெய் எரிகிறது. கறுப்பாக இருந்தால் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் சூடான பின்னும் விடாமல் வெண்புகை வந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறது. பின்பு நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்றில் குறைந்தால், அதில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் குறை பிஸ்டன் வளையத்திலோ சிலிண்டரிலோ உள்ளது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் உள்ளது. இந்த எளிய சோதனை, தேவையில்லாமல் எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர்க்கும்.

பிரிக்கும்போது ஒழுங்கு முக்கியம். ஒவ்வொரு பேரிங் மூடியும் தன் இடத்துக்கே உரியது. இடம் மாறினால் துளையின் வட்டம் கெடும். ஆகவே கழற்றும் முன்பே எண் பொறித்துக்கொள்வர். பிளாக்கில் விரிசல் உள்ளதா என்று பார்க்க ஒரு பழைய முறை உண்டு. மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசுவார்கள். விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வந்து, வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். நுண்துளை ஏற்றம் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறை கிடைப்பது அரிது.

அடுத்தது அளத்தல். சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் வளையம் திரும்பும் இடத்தில் வெப்பம் மிகுதி, எண்ணெய்ப் படலம் குறைவு. ஆகவே அங்குதான் தேய்மானம் அதிகம். பள்ளியில் நாம் பயன்படுத்தும் வெர்னியர் அளவி 0.1 மில்லிமீட்டர் வரையே அளக்கும். திருகு அளவி 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கும். எஞ்சின் வேலைக்கு இரண்டாவது வகைத் துல்லியமே தேவை. பட்டறைப் பேச்சில் 'பத்து', 'இருபது', 'முப்பது', 'நாற்பது' என்பவை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு என்று பொருள்படும். 'பத்து ஓவர்சைஸ்' என்றால் ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர். 'நாற்பது' வரை கடைந்தால் 79.4 மில்லிமீட்டர் விட்டம் 80.4 ஆகும், 2199 சிசி எஞ்சின் சுமார் 2256 சிசி ஆகிவிடும். உருளையின் கன அளவுச் சூத்திரத்தைக் கொண்டு மாணவர்கள் இதைச் சரிபார்க்கலாம்.

கிராங்க் தண்டு இதற்கு எதிர்மாறு. அது தேய்ந்தால் கிரைண்டிங் செய்து விட்டத்தைக் குறைப்பார்கள்; அதற்கேற்பத் தடித்த பேரிங் போடுவார்கள். ஜீப் எஞ்சினின் கிராங்க் தண்டை மூன்று மெயின் பேரிங்குகளே தாங்குகின்றன. எனவே இங்கு எண்ணெய் அழுத்தம் குறையவே கூடாது. வால்வுகளை அவற்றின் இருப்பிடத்தில் பசை தடவித் தேய்த்து, காற்றுப் புகாதபடி பொருத்துவர். 'ஹரிகேன்' எஞ்சினில் உள்வழி வால்வுகளின் இடைவெளியை மேலே ஹெட்டிலும், வெளிவழி வால்வுகளின் இடைவெளியைப் பிளாக்கின் பக்க மூடியைக் கழற்றியும் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது இடம் கைக்கு எட்டுவது கடினம் என்பதால் பலர் அதை விட்டுவிடுவார்கள். வால்வு கருகுவதற்கு இது ஒரு காரணம்.

பூட்டும்போது வளையங்களின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல சுற்றுகளில், டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்க வேண்டும். 'கைப்பக்குவம்' சமையலுக்குச் சரி. ஹெட் போல்ட்டுக்குச் சரியன்று. எரியும் வரிசை 1, 3, 4, 2. முதல் சில நூறு கிலோமீட்டர்கள் மிதமான வேகத்தில் ஓட்டி, விரைவிலேயே எண்ணெயை மாற்றினால், கடைசலில் எஞ்சிய இரும்புத் துகள்கள் வெளியேறிவிடும்.

பெட்ரோலிலிருந்து டீசலுக்கு

1973இல் எழுந்த எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் ஜீப் வைத்திருப்பது பெருஞ்செலவானது. மகிந்திரா நிறுவனம் தன் டிராக்டர் எஞ்சினை ஒட்டிய டீசல் எஞ்சினை ஜீப்பில் பொருத்தியது. 1980களில் பிரான்சின் பெஜோ நிறுவன வடிவமைப்பிலான 2112 சிசி டீசல் எஞ்சினும் வந்தது. பட்டறைகளும் தம் பங்குக்குப் பழைய ஜீப்புகளின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றின. உரிமையாளருக்கு அது மிச்சம்; பட்டறைக்கு அது வருமானம். இறக்கப்பட்ட 'ஹரிகேன்' எஞ்சின்கள் காயலான் கடைக்குப் போய் உருக்கப்பட்டன. அன்று அது நியாயமான கணக்கு. அதன் விளைவு இப்போது சட்டத்தில் தெரிகிறது. அதைப் பின்னர் காண்போம்.

சென்னைக்கே உரிய பராமரிப்பு

முதல் எதிரி வெப்பமும் தண்ணீரும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை ரேடியேட்டரில் ஊற்றினால், கொதிகெண்டியில் படிவதுபோல் உள்ளே சுண்ணம் படியும், வெப்பம் வெளியேறாது. காய்ச்சி வடித்த நீரோடு கூலண்ட் கலந்து ஊற்றுவதே முறை. வெயில் ஊர் என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் உண்டு. அதனால் எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதமாகி, எண்ணெயில் கசடு சேர்ந்து, தேய்மானம் கூடும்.

இரண்டாவது, குறும்பயணம். மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் வரை போய்த் திரும்புவதற்குள் எண்ணெய் முழுதாகச் சூடேறாது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடும். வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஓடவிடுவதைவிட, அரைமணி நேரம் சாலையில் ஓட்டுவது நல்லது. காற்று வடிகட்டியும் கவனிக்கத்தக்கது. பழைய ஜீப்பில் தாள் வடிகட்டி இல்லை. எண்ணெய்த் தொட்டி வகை. அதன் எண்ணெயை மாற்றாவிட்டால் தெருப்புழுதி நேராகச் சிலிண்டரை அரிக்கும்.

மூன்றாவது, வெள்ளம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, அடையாறு பகுதிகளில் எண்ணற்ற வண்டிகள் மூழ்கின. மயிலாப்பூர் ஏரி தூர்ந்த நிலத்தில் 1920களில் உருவான தியாகராய நகருக்கும் மழைநீர் புதிதன்று. மூழ்கிய வண்டியை ஒருபோதும் கிளப்பிப் பார்க்கக் கூடாது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் ஏறினால் இணைப்புத் தண்டு வளையும். பேட்டரி இணைப்பைத் துண்டித்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். பிறகு எல்லா எண்ணெய்களையும் மாற்ற வேண்டும். கியர் பெட்டி, முன்பின் அச்சுப் பெட்டிகள் எனப் பல அறைகள் கொண்ட நான்கு சக்கர விசை வண்டியில் இவை அனைத்தையும் திறந்து பார்ப்பது கட்டாயம்.

நான்காவது, பெட்ரோலின் மாற்றம். 1995இல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அதுவே. உடல்நலத்துக்கு இது பெரும் நன்மை. ஆனால் பழைய எஞ்சின்களில் வெளிவழி வால்வின் இருப்பிடத்தை ஈயப்படிவு காத்துவந்தது. எனவே எஞ்சின் வேலையின்போது அங்குள்ள கடின வளையத்தைச் சோதித்து, தேவையானால் மாற்ற வேண்டும். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊறச் செய்யும். பெட்ரோல் பம்பின் சவ்வு, குழாய்கள், கார்புரேட்டர் கேஸ்கட் ஆகியவற்றை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிக்கொள்வது பாதுகாப்பு.

சட்டமும் பழைய வண்டியும்

2021 ஜூலையில் மத்திய அரசு தொன்மை வாகனங்களுக்குத் தனி விதிகளை வெளியிட்டது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிக்கு 'வி.ஏ.' என்ற தனி வரிசை எண் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். அன்றாடப் போக்குவரத்துக்கு அதைப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு போன்றவற்றுக்கு மட்டுமே. முக்கியமான நிபந்தனை ஒன்றும் உண்டு. வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது.

இங்குதான் அன்றைய டீசல் மாற்றம் குறுக்கே வருகிறது. டீசல் எஞ்சின் ஏறிய 1960களின் ஜீப், வயதால் தகுதி பெற்றும் இதயத்தால் தகுதி இழக்கிறது. சேமிப்புக்காகச் செய்த மாற்றம் வரலாற்றுத் தகுதியைக் கெடுத்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும். அவ்வாறு ஏற்றாத வண்டிகளுக்குச் சிக்கல் இரட்டிப்பாகிறது. மறுபுறம், 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் முடிவுக்கு வருகிறது. அவை ஏலத்தில் மறுவாழ்வு பெறாமல் உடைப்புக்கே போகின்றன. அலுவலக ஜீப் தனியார் கைக்கு வந்து, பட்டறையில் புதுப்பிறவி எடுத்த அந்தச் சுற்று இத்தோடு அறுபடுகிறது. புகை குறையும் என்பது உண்மை. தேய்ந்ததைச் சீர்செய்யும் தொழிலுக்கு வேலை குறையும் என்பதும் உண்மை.

செய்ய வேண்டியது

பழைய வண்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதன்று இக்கட்டுரையின் கருத்து. மூல எஞ்சினோடு எஞ்சியிருக்கும் சில ஜீப்புகளையாவது முறையாகக் காக்க வேண்டும். அதற்கு ஆவணம் வேண்டும். எஞ்சின் வேலை செய்யும் ஒவ்வொருவரும் நாள், சிலிண்டர் அளவு, ஓவர்சைஸ் எண், பேரிங் அளவு, மாற்றிய பாகங்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பதிவுச் சான்றோடு வைத்துக்கொள்வது நல்லது. அடுத்து அந்த எஞ்சினைத் திறப்பவர் யாராயினும், எவ்வளவு இரும்பு மிச்சமிருக்கிறது என்பதை அந்தக் குறிப்பே சொல்லும்.

பட்டறைச் சொற்களும் பதிவாக வேண்டும். 'ஸ்லீவ் இறக்குவது', 'இருபது ஓவர்சைஸ்', 'எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது' போன்றவை பாடநூல்களில் இல்லை; அவற்றைப் பேசும் தலைமுறை முதுமை அடைந்துவருகிறது. மாணவர்கள் தம் வீட்டருகே உள்ள லேத் பட்டறைக்கு ஒரு சனிக்கிழமை அனுமதி பெற்றுச் சென்று, ஒரு சிலிண்டர் கடையப்படுவதைப் பார்த்து, கேட்ட சொற்களைப் பொருளோடு எழுதிவரலாம். கையில் ஒரு திருகு அளவியும் இருந்தால், அங்கிருப்பவரே அதை வாங்கி அளந்து காட்டுவார்.